தொட்டியில் இறக்கும் முன்

"சித்தி, இதை மெஷின்ல போட்டுடலாமா?"

ஒஹாயோவில் இருக்கும் என் அக்கா மகள் வீடியோவில் ஒரு துணியை விரித்துக் காட்டினாள். அவள் தெருவில் ஒரு மூதாட்டி காலமாகி, வீட்டுச் சாமான்களை எல்லாம் பிள்ளைகள் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அங்கே ஓர் அட்டைப் பெட்டியின் அடியில் இது மடிந்து கிடந்ததாம். ஒரு கட்டிலை மூடும் அளவு. சின்னச் சின்ன அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பூக்கள், பூக்களுக்கு நடுவே பச்சைப் பாதை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு. பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை என்றாள்.

"போட்டுடாதேம்மா. தண்ணியே காட்டாதே. நான் வர்றவரைக்கும் மடிக்காம விரிச்சு வை."

இரண்டு மாதம் கழித்து நான் போனேன். கட்டில் மேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு, அதன் மேல் அதை அப்படியே விரித்து வைத்திருந்தாள். ஒரு வாரம் அதனோடு உட்கார்ந்தோம். அதில் தண்ணீரில் கழிந்தது ஒரே ஒரு நாள்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒட்டுத்துண்டுகளைத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக இழையோட்டித் தைத்தால்தான் அது குவில்ட். அமெரிக்கப் பெண்கள் பலர் மேல்துணியை மட்டும் தைத்து முடித்து, பஞ்சு வாங்கக் காசு சேரட்டும், குளிர்காலம் வரட்டும் என்று எடுத்து வைத்தார்கள். சிலருக்கு அந்தக் குளிர்காலம் வரவேயில்லை. அப்படி நின்றுபோன மேல்துணிகள் அந்த நாட்டின் பரண்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இன்றும் கிடைக்கின்றன. 1930-களில், பெரும் பொருளாதாரச் சரிவின் காலத்தில், 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று பெயர் பெற்ற அறுகோண வடிவம் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. எங்கள் கையில் இருந்ததும் அந்த வடிவத்தில் தைத்த, முடியாத ஒரு மேல்துணிதான்.

நமக்குத் துவைப்பது என்றால் என்ன? கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது, கொடியில் தொங்கவிடுவது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் இந்தத் துணி செத்துவிடும். வாஷிங் மெஷின் முதல் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் செய்கிறது. முடிந்த குவில்ட்டில் துண்டு ஓரங்கள் பஞ்சுக்கும் அடித்துணிக்கும் நடுவே பத்திரமாக மறைந்திருக்கும், இழையோட்டம் அவற்றை அசையவிடாது. முடியாத மேல்துணியைத் திருப்பிப் பாருங்கள். அத்தனை ஓரமும் வெட்டிய நிலையில் வெளியே நிற்கும்.

எவ்வளவு ஓரம் என்று ஒரு நாள் மாலை கணக்குப் போட்டோம். நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, ஆக ஒரு பூவுக்கு 19 துண்டுகள். துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 42. ஒவ்வொரு தையலிலும் இரண்டு வெட்டு ஓரம். பக்கம் ஓர் அங்குலம் என்றால் ஒரு பூவின் பின்புறத்தில் மட்டும் 84 அங்குல ஓரம், அதாவது இரண்டு மீட்டருக்கு மேல். அந்தத் துணியில் 60 பூக்கள் இருந்தன. பச்சைப் பாதையைச் சேர்க்காமலே 125 மீட்டருக்கு மேல் வெட்டு ஓரம். தையலுக்கு வெளியே விட்டிருந்த துணியோ கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர். தண்ணீரில் அலைந்தால் ஓரத்து இழை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கழன்ற இழைகள் ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகி, இன்னும் கழலாத இழைகளையும் இழுக்கும். 6 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டராகக் குறைந்த இடத்தில் தையல் பிடிக்க ஒன்றும் இருக்காது. மெஷினிலிருந்து வெளியே வருவது நூல் பந்தோடு ஓட்டை விழுந்த ஒரு துணி.

எடையும் இருக்கிறது. பருத்தி தன் எடையைவிட அதிகமாகத் தண்ணீரைக் குடிக்கும். ஈரமான மேல்துணியை இரண்டு முனையைப் பிடித்துத் தொட்டியிலிருந்து தூக்கினால், அத்தனை தண்ணீரின் கனமும் விரல் பிடித்த இடத்துத் தையல்களில் தொங்கும். நல்ல பருத்தி நனைந்தால் வலுவாகும், உண்மைதான். பட்டும் கம்பளியும் ரேயானும்தான் நனைந்தால் வலு இழப்பவை. ஆனால் 90 வயதுப் பருத்திக்கு அந்தப் பொதுவிதியை நம்பிக் கொடுக்க முடியாது. ஏன் என்பதற்குப் பருத்தியின் உள்ளே போக வேண்டும்.

பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை இழை வலுவாகவும் வளையக்கூடியதாகவும் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன், வெளிச்சம், பக்கத்தில் இருக்கும் மரப்பலகையும் அட்டையும் கசியவிடும் அமிலம், இவை கண்ணிகளை அங்கங்கே வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகளில் சில மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும், தண்ணீரில் கரையும், அவற்றில் பல அமிலத்தன்மை கொண்டவை. அந்த அமிலம் மேலும் கண்ணிகளை வெட்டும். பழைய புத்தகத்தின் தாள் மஞ்சளாகி நொறுங்குவதும் பழைய துணி மஞ்சளாகி நைவதும் ஒரே கதை.

ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பார்த்து 'அழுக்காயிருக்கிறது' என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். தூசி என்பது மேலே உட்கார்ந்திருப்பது. கறை என்பது வெளியிலிருந்து வந்து இழையோடு ஒட்டிக்கொண்டது. முதுமை என்பது துணியே மாறிப்போனது. தூசிக்குத் தண்ணீரே தேவையில்லை. முதுமையில் கரையக்கூடிய பகுதியைத் தண்ணீர் எடுக்கும், அது துணிக்கு நல்லது. கறை விஷயத்தில் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே உத்தமம். அதற்கான காரணத்தை எங்கள் துணியே எங்களுக்குக் காட்டியது.

முதலில் தூசி. அக்கா மகளிடம் ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கொசுவலைத் துண்டு ஒன்று இருந்தது. அதன் கூரான ஓரங்களை நாடாவால் சுற்றித் தைத்தோம். வலையைத் துணிமேல் வைத்து, வாக்குவம் கிளீனரை ஆகக் குறைந்த இழுப்பில் வைத்து, குழாய் முனையை வலைக்கு மேலே மெதுவாக நகர்த்தினோம். வலை இல்லாமல் செய்தால் நைந்த துண்டு குழாய்க்குள் போய்விடும். முன்பக்கம் முழுவதும், பிறகு பின்பக்கம். தூசித் துகளை நுண்ணோக்கியில் பார்த்தால் கூரான விளிம்புள்ள கனிமத் துணுக்குகளும் தெரியும். நனைந்து உப்பும் இழைகளுக்கு நடுவே அவை சிக்கிக்கொண்டால் பிறகு உள்ளிருந்தே அறுக்கும். அதனால்தான் தண்ணீருக்கு முன் தூசி. இதை மட்டும் செய்துவிட்டு நிழலில் நாலு நாள் காற்றாட வைத்ததிலேயே பாச்சை உருண்டை வாசனை பெருமளவு போய்விட்டது. பலர் வாசனை போகத்தான் துவைக்கிறார்கள். நாப்தலீன் தானாக ஆவியாகும் பொருள், அதற்குக் காற்று போதும். வெயிலில் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. புற ஊதாக் கதிர் செல்லுலோஸையும் சாயத்தையும் ஒருசேரத் தாக்கும்.

பின்பக்கம் செய்யும்போது சிலவற்றைப் பார்த்தோம். ஒரு பூவின் வெளிவட்டத் துண்டில் வரிசையாக, சம இடைவெளியில், பெரிய ஊசித் துளைகள். மாட்டுத்தீவன மூட்டையின் சங்கிலித் தையலைப் பிரித்த தடம் அது. 1930-களில் தீவனமும் மாவும் சர்க்கரையும் பருத்திச் சாக்கில் வந்தன. பெண்கள் அவற்றைத் துவைத்துச் சட்டையும் போர்வையும் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும் சாக்கு ஆலைகள் பூப்போட்ட அச்சுத்துணியிலேயே சாக்கு தைத்து விற்கத் தொடங்கின. துணி நனைந்தால் நூல் உப்பி, இந்தத் துளைகள் மூடிக்கொள்ளலாம். எனவே தண்ணீருக்கு முன்னால் ஒவ்வொரு பூவையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, துளை வரிசையை அளவுகோல் வைத்து இன்னொரு முறை எடுத்தோம். வெட்டுவதற்காகப் போட்ட பென்சில் கோடுகள், ஆலைக்கஞ்சியின் மினுமினுப்பு எல்லாம் துவைத்தால் மங்கிவிடுபவைதான். முடியாத மேல்துணி, தைத்தவரின் வேலை பாதியில் நின்ற கணத்தை அப்படியே வைத்திருக்கிறது. முடிந்த போர்வையில் இவை எதுவும் தெரியாது.

இனிச் சாயம். துணி பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான்.

சாயம் இழையை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரை வைத்துச் சிவப்புத் தோய்த்தார்கள். அந்த வேரில் இருந்த அலிசரின், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்து, இழைக்குள்ளேயே கரையாத கூட்டுப்பொருளாக உட்கார்ந்துவிடும். அந்தக் கரையிலிருந்து போன பூத்துணிகளை வெட்டி ஒட்டிய பழைய குவில்ட்கள் அமெரிக்காவில் இன்றும் சிவப்பு மங்காமல் இருக்கின்றன. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து அதே அலிசரினைக் கொண்டு தோய்த்ததுதான் 'துருக்கிச் சிவப்பு'. 1868-இல் கிரேபேயும் லீபர்மானும் அதே அலிசரினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டுக் குவில்ட்டின் துருக்கிச் சிவப்பு பெரும்பாலும் தண்ணீருக்கு அஞ்சாது.

ஆனால் 1880-களில் ஒரு புதிய வகை வந்தது. காங்கோ சிவப்பு அதில் முதல் பெரிய பெயர். படிகாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், உப்புப் போட்ட வெந்நீரில் துணியை முக்கினால் போதும், சிவந்துவிடும். நேரடிச் சாயங்கள் என்று இவற்றுக்குப் பெயர். விலை மலிவு, வேலை எளிது. இந்த மூலக்கூறுகள் நீளமாக, தட்டையாக இருப்பதால் செல்லுலோஸ் சங்கிலிமேல் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஆனால் கட்டிப்பிடிப்பது வலுவான வேதிப்பிணைப்பால் அல்ல, ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய ஈர்ப்புகளால். வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்ததும் கழன்று வந்துவிடும்.

நம் வீடுகளில் புதுச் சேலையை முதல் தடவை உப்புத்தண்ணீரில் ஊறவைப்பார்கள். என் அம்மாவும் செய்வாள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீரில் பருத்தி இழையின் மேற்பரப்பு இலேசான எதிர்மின்சுமை பெறும். நேரடிச் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் நடுவில் நின்று அந்தத் தள்ளலை மறைக்கும், அதனால் சாயம் இழையிலேயே தங்கும். சாயத்தொழிற்சாலையிலும் இதற்குத்தான் உப்பு. ஆனால் அந்த உபகாரம் உப்பு தண்ணீரில் இருக்கும்வரைதான். அடுத்த முறை வெறும் தண்ணீரில் அலசும்போது சாயம் பழையபடி கிளம்பும். உப்பு சாயத்தை 'உறையவைக்கிறது' என்ற நம்பிக்கையில் பழைய மேல்துணியைத் தொட்டியில் போட்டவர்கள் வெள்ளைத் துண்டெல்லாம் ரோஜா நிறமாகி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

வினிகர் அதைவிட மோசம். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு வினிகர் உதவும். பருத்திச் சாயத்துக்கு அது ஒன்றும் செய்யாது, செல்லுலோஸுக்கோ அமிலம் எதிரி. அதிலும் காங்கோ சிவப்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அமிலம் பட்டால் நீலமாகிவிடும். வேதியியல் ஆய்வகங்களில் அமிலம் காட்டும் நிறங்காட்டியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் போர்வையில் காங்கோ சிவப்புப் பூ இருந்து, சாயம் உறையட்டும் என்று வினிகர் ஊற்றினால், சிவப்புப் பூ உங்கள் கண் முன்னே நீலம் பாயும்.

சாயம் கசிவதே பெருமையாக இருந்த ஒரு காலமும் உண்டு. 1960-களில் சென்னைப் பக்கத்துக் கைத்தறிக் கட்டங்கள் 'மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்க இளைஞர்களிடம் பிரபலமாயின. துவைக்கத் துவைக்கக் கட்டங்களின் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து மென்மையாகும். சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாகச் சொல்லி விற்றார்கள். சட்டையில் அது அழகு. 60 பூக்களுக்கு நடுவே வெள்ளை வட்டம் வைத்துத் தைத்த போர்வையில் அதே கசிவு அழிவு.

ஆகவே சோதனை. எங்கள் துணியில் எத்தனை அச்சுகள் என்று எண்ணத் தொடங்கி, 100-ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டோம். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சிவப்பு இரண்டு வெவ்வேறு சாயமாக இருக்கலாம் என்பதால் ஒன்றைச் சோதித்து மற்றதை நம்ப முடியாது. சிவப்பு, கருநீலம், கறுப்பு, ஊதா ஆகியவற்றில் தொடங்கினோம். பின்பக்கத்து ஓரத்தில், சொட்டுக்குழாயால் ஒரே ஒரு சொட்டு. அது துணிக்குள் இறங்க ஒரு நிமிடம். பிறகு வெள்ளைப் பஞ்சை மேலும் கீழும் வைத்து விரலால் அழுத்திப் பிடித்து இன்னும் சில நிமிடம். பஞ்சில் நிறம் ஏறியதா? இல்லையென்றால் அதே இடத்தில், தொட்டியில் சேர்க்கப்போகும் சலவைப் பொருள் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு, மறுபடி காத்திருப்பு. இந்த இரண்டாவது சொட்டைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். வெறும் தண்ணீருக்கு அசையாத சாயம் சலவைப் பொருளுக்கு அசையலாம்.

இரண்டு நாள் ஆயிற்று. கருநீலம் நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட தொட்டிச்சாயங்கள் இழைக்குள் கரையாத வடிவத்தில் அடைபட்டுக்கொள்பவை. அந்த வகையாக இருந்திருக்கும். ஊதாக்கள் நின்றன. இரண்டாம் நாள் சாயங்காலம், கீழ்மூலையில் இருந்த ஒரு பூவின் சிவப்பு. தண்ணீர்ச் சொட்டுக்குப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இரண்டாவது சொட்டுக்கு, பஞ்சின் நடுவில் ஒரு மிளகு அளவுக்கு ரோஜா நிறம். அக்கா மகள் பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்ளோதானே சித்தி" என்றாள். ஒரு சொட்டில் அவ்வளவு. தொட்டியில் எவ்வளவு சொட்டு?

அந்தப் பூவில்தான் துருவும் இருந்தது. அது மட்டும் மற்றவற்றோடு தைக்கப்படாமல், இடம் பார்த்து வைத்து, ஐந்து குண்டூசிகளால் குத்திவைக்கப்பட்டிருந்தது. குண்டூசிகள் துருவேறித் துணியோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் செம்பழுப்பு வளையம்.

துருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று பழைய துணியை வெளுக்க எல்லோரும் எடுப்பது 'ஆக்சிஜன்' சலவைத்தூள். அதில் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறி நிறமுள்ள பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்யும். குளோரின் பிளீச்சை விட மென்மையானது என்பது சரி. ஆனால் பெராக்சைடு இரும்பைச் சந்தித்தால் நடப்பது வேறு. 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் விவரித்த வினை அது. இரும்பு அயனி பெராக்சைடை உடைத்து, ஹைட்ராக்சில் என்னும் மிகத் தீவிரமான துணுக்கை வெளியே விடுகிறது. அது பக்கத்தில் எது இருந்தாலும் வெட்டும். பக்கத்தில் இருப்பது செல்லுலோஸ். இரும்பு செலவாவதில்லை, மறுபடி மறுபடி அதே வேலையைச் செய்கிறது. துருக்கறை வெளுக்கும் என்று எதிர்பார்த்துத் தூளைப் போட்டவர் கையில், கறை இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டைதான் மிஞ்சும்.

இரும்பு சாயத்திலேயே இருந்தால் தூளும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் அடர்பழுப்பும் கறுப்பும் பல, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்த்துத் தோய்த்தவை. பழைய கையெழுத்துப் படிகளில் மை எழுத்தின் வடிவத்திலேயே தாளை அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே இரும்பு, அதே வினை. அந்தக் காலத்துக் குவில்ட்களில் பழுப்பு அச்சுப் பூ மட்டும் உதிர்ந்து, சுற்றியிருக்கும் துணி அப்படியே இருப்பதும் இதனால்தான். அத்தகைய மேல்துணியைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. 1880-களின் பட்டு ஒட்டுப்போர்வைகளையும் கூடாது. கோந்து நீக்கும்போது பட்டு இழக்கும் எடையைத் திரும்பக் காட்ட, வியாபாரிகள் வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டு இன்று மடித்த இடமெல்லாம் கண்ணாடி போல் கீறிப் பிளக்கிறது. காகித அச்சு வைத்துத் தைத்து, காகிதத்தை உள்ளேயே விட்டுவிட்ட ஆங்கிலேய வகை மேல்துணிகளும் அப்படியே. உள்ளே இருக்கும் பழைய கடிதத் துண்டிலும் கணக்குத் தாளிலும் தேதி இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் வலையும் வாக்குவமும் போதும், அதற்கு மேல் தேவைப்பட்டால் துணிப் பாதுகாப்பு நிபுணர். நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் குவில்ட்டுக்கென்றே பன்னாட்டு அருங்காட்சியகம் ஒன்று பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. ஒரு போர்வையை அறிவுத்துறைப் பொருளாக மதிக்கும் இடங்கள் இருக்கின்றன.

எங்கள் துணி அவ்வளவு அபூர்வமானது அல்ல. 1930-களின் பருத்தி, பரவலான வடிவம், மடிப்புகளில் அமிலப் பழுப்பு. துவைப்பதால் அதற்கு நன்மை உண்டு என்று எனக்குப் பட்டது. அந்தப் பூவை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பதில் குண்டூசிகளிலேயே இருந்தது. அந்தப் பூ இன்னும் சேர்க்கப்படவில்லை. குண்டூசிகளை, துணியைக் கிழிக்காதபடி, குத்திய வழியிலேயே திருகித் திருகி வெளியே எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பூவைத் தனியே வெள்ளைத் துணியில் வைத்தோம். அதற்குத் தண்ணீர் இல்லை.

குளியல் தொட்டியில் முதலில் ஒரு வெள்ளை விரிப்பு. மேல்துணியை இரண்டு நைலான் வலைகளுக்கு நடுவே வைத்து, துணியைத் தொடாமல் அதன் விளிம்புக்கு வெளியே வலைகளை மட்டும் சுற்றிலும் நீளத்தையல் போட்டு ஓர் உறை செய்தோம். இழை கழன்றாலும் உறைக்குள்ளேயே படுத்திருக்கும், சிக்காது. உறையைத் தளர்வாக மடித்து விரிப்பின் மேல் வைத்து, கை வைத்தால் சூடும் தெரியாத குளிர்ச்சியும் தெரியாத தண்ணீரைக் குழாயால் ஓரத்தில் விட்டோம். முதல் தண்ணீரில் எதுவும் சேர்க்கவில்லை. 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் பால் விடாத தேநீர் நிறம். அவள் பயந்துவிட்டாள், சாயம் என்று நினைத்து. சாயம் இல்லை. சங்கிலியிலிருந்து வெட்டுப்பட்டுக் கிடந்த செல்லுலோஸ் துணுக்குகள், அவற்றின் அமிலங்கள். 90 ஆண்டாக அந்தத் துணியை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது அந்தத் தேநீர்தான்.

இரண்டாவது தண்ணீரில் சலவைப் பொருள். அமெரிக்காவில் குவில்ட்காரர்கள் நம்பும் ஆர்வஸ் என்ற வெண்குழம்பு, குதிரையும் மாடும் குளிப்பாட்ட விற்பது. உள்ளே சோடியம் லாரில் சல்பேட். வெள்ளையைப் போலி வெள்ளையாக்கும் ஒளிர்பொருள், வாசனை, பிளீச் எதுவும் அதில் கிடையாது. சோப்பு போட்டிருந்தால் அந்த ஊர்க் கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து திப்பி திப்பியாகத் துணியில் படிந்திருக்கும். லாரில் சல்பேட் மூலக்கூறுகள், தூய நீரில் லிட்டருக்கு 2.3 கிராம் அளவைத் தாண்டியதும், எண்ணெய் விரும்பும் வாலை உள்ளே மடக்கி உருண்டையாகக் கூடும். அந்த உருண்டைக்குள்தான் எண்ணெய்ப்பிசுக்கு ஏறும். அதற்கு மேல் அதிகம் போட்டால் அதிகம் அலசத்தான் வேண்டும், நுரையில் ஒன்றும் இல்லை. தேய்க்கவில்லை, பிசையவில்லை. உள்ளங்கையை விரித்து வலைமேல் வைத்து அழுத்தி, எடுத்து, பக்கத்தில் அழுத்தி, எடுத்து. தண்ணீரை இழைக்குள் தள்ளி வெளியே இழுக்க அது போதும்.

பிறகு அலசல். ஏழு தண்ணீர். கடைசித் தண்ணீர் கடையில் கேன் கேனாக வாங்கிய காய்ச்சி வடித்த நீர். ஒவ்வொரு முறையும் துணியைத் தூக்காமல் தண்ணீரை மட்டும் வெளியே விட்டோம். முடிவில் விரிப்பின் நான்கு முனையையும் இருவரும் பிடித்து, தூளியில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினோம்.

உலர்த்துவதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. டபராவுக்கு அடியில் சிந்திய காபி உலர்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுப்பு வளையம் விழுவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஏன் என்று 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீகனும் நாகெலும் உடனிருந்தவர்களும் விளக்கினார்கள். ஓரத்தில் தண்ணீர் வேகமாக ஆவியாவதால், அந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது, போகும்போது துகளையும் இழுத்துப்போகிறது. துணியிலும் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டில் கரைந்த பழுப்பெல்லாம் சேரும். பழைய துணியில் ஒரு புள்ளியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் புள்ளியை விடப் பெரிய வளையம் விழுவது இதனால்தான். ஆகவே முழுத் துணியும் ஒரே சீராக உலர வேண்டும், ஆவியாகும் எல்லை துணியில் இருக்கக் கூடாது. தரையில் துவாலைகளை விரித்து, மேல்துணியை வலையோடு அதன்மேல் கிடத்தி, ஒவ்வொரு தையலையும் விரலால் நேராக்கி, மேலே ஒரு வெளுத்த பருத்தி விரிப்பை அழுத்திப் பரப்பினோம். மிச்சமிருக்கும் பழுப்பு மேலேறி அந்த விரிப்பில் போய் நிற்கட்டும். மின்விசிறி ஓடியது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் விரிப்பில் அறுகோணப் பூக்களின் மங்கலான நிழல், தேன் நிறத்தில். இஸ்திரிப் பெட்டியை அவள் எடுத்தபோது வேண்டாம் என்றேன், மிச்சக் கறையைச் சூடு நிரந்தரமாக்கிவிடும்.

இதை முடித்துப் போர்வையாக்கலாமா? பஞ்சு வைத்து இழையோட்டினால் வெட்டு ஓரங்களுக்குப் பாதுகாப்பு வரும், ஆண்டுகள் கூடும். ஆனால் பென்சில் கோடும் சாக்குத் துளையும் உள்ளே போய்விடும், முடித்தது வேறொரு கை என்றாகிவிடும். நான் முடிக்காமல் வைப்பதையே விரும்புகிறேன். அவளுக்குக் கட்டிலில் போட ஆசை. துணி அவளுடையது, அவள் யோசிக்கட்டும்.

இப்போது அது கஞ்சி போடாத பருத்தி விரிப்பில், அமிலமில்லாத நீண்ட அட்டைக் குழாயில் சுருட்டி, அலமாரியில் இருக்கிறது. மடிப்பே இல்லை. தனியே எடுத்த பூ, அமிலமில்லாத தாளில், அதே அலமாரியில். போன வாரம் வீடியோவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பச்சைப் பாதை கொத்துமல்லி இலை நிறத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் காணாத பூவின் வெள்ளை வட்டம் இன்னும் தேநீர் நிறம், நடுவே சிவப்பு அப்படியே, ஓரத்தில் ஐந்து துரு வளையங்கள். குண்டூசிகளை ஒரு சின்ன உறையில் போட்டு, எந்தத் துளையிலிருந்து எந்த ஊசி என்று எழுதி வைத்திருக்கிறாள்.